ஒருவர் கூட இருந்தால் சரியாகிவிடுமா? ‘த ஃபர்ஸ்ட் ஃப்ராஸ்ட்’ பார்த்தவருக்கு ஒரு பதில்

உங்கள் பதிவில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளிப்படையாகக் கேட்டிருப்பது, ‘த ஃபர்ஸ்ட் ஃப்ராஸ்ட்’ சீனத் தொடரில் நாயகி தூக்கத்தில் எழுந்து நடப்பதும், நாயகனைத் தேடிப் போய்க் கட்டிக்கொள்வதும் மருத்துவப்படி நடக்கக்கூடியவைதானா என்பது. கடைசி வரியில் எழுதியிருப்பது வேறு: “அவளுக்கு ஒரு சாங் யான் கிடைத்தான், சரியாகிவிட்டாள். அப்படி ஒருத்தர் கிடைத்தால் யாருக்கும் சரியாகிவிடுமா?” நீங்கள் கேட்க வந்தது இந்த இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஹாஸ்டலில் உங்கள் அறைத்தோழி ஒருவர் இரவில் எழுந்து நடக்கிறார் என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவர். கல்லூரி மாணவர்களையும், தூக்கம் கெட்டு வருபவர்களையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். எழுத்தில் படித்ததை வைத்து உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ இன்னது என்று பெயர் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கதாபாத்திரத்தைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூ யி என்ற எழுத்தாளரின் நாவலை வைத்து 2025 பிப்ரவரியில் வந்த தொடர் இது. ‘ஹிட்டன் லவ்’ தொடரில் நாயகியின் அண்ணனாக நமக்கு அறிமுகமான சாங் யான்தான் இதில் நாயகன். நாயகி வென் யிஃபான் பள்ளியில் படிக்கும்போது அப்பா இறந்துபோகிறார், அம்மா மறுமணம் செய்துகொள்கிறார். அந்தப் புதுக் குடும்பத்தில் மகளுக்கு இடமில்லை. பெரியப்பா வீட்டில் விடப்படுகிறாள். அங்கே பெரியம்மாவின் தம்பி அவளைத் தொடர்ந்து சீண்டி, ஒருநாள் வன்முறைக்கே துணிகிறான். தப்பித்துவிடுகிறாள். ஆனால் அவளைக் காக்க வேண்டியவர்கள் விஷயம் வெளியே போகக் கூடாது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அதன் பிறகு, பள்ளியில் கூடப் படித்த சாங் யானோடு ஒரே பல்கலைக்கழகத்தில் சேர்வதாகச் சொல்லியிருந்ததை மாற்றி, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துப் போய்விடுகிறாள். பல வருடங்கள் கழித்து, டிவி செய்தியாளராக ஊர் திரும்பியவள் அவனோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்க நேர்கிறது. இரவில் அவள் தூக்கத்தில் நடப்பது அவனுக்குத் தெரியவருவது அங்கேதான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. தூக்கத்தில் நடப்பது ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிக்கும் நிலை. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம் என்பதால், பெரும்பாலும் படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இது நடக்கும். உடலை அசைக்கும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்ளும், யோசிப்பதற்கும் நினைவில் பதிப்பதற்குமான பகுதிகள் உறங்கிக்கொண்டே இருக்கும். கண் திறந்திருக்கும், கதவைத் திறப்பார்கள், சோபாவில் உட்காருவார்கள், கேட்டால் ஏதோ முணுமுணுப்பார்கள், காலையில் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. தொடரில் அவள் சத்தமில்லாமல் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவதும், மறுநாள் காலையில் தனக்கு எதுவுமே தெரியாமல் விழிப்பதும் இதோடு அப்படியே பொருந்துகின்றன. குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கும் பெரியவர்களில் சுமார் 1.5 சதவீதம் பேருக்கும் ஓராண்டு காலத்தில் இது நடக்கிறது என்று 2016-ல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. குடும்ப வழியாகவும் வரும். கனடாவின் கியூபெக்கில் குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அப்பா அம்மா இருவருக்கும் இது இருந்த வீடுகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இருந்தது.

தூண்டிவிடுபவை எவை என்பதும் தெளிவாகவே தெரியும்: தூக்கம் போதாமை, படுக்கும் நேரம் தாறுமாறாக மாறுவது, காய்ச்சல், இடையில் உலுக்கும் சத்தம், சில மாத்திரைகள். ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை நம் ஊரில் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. தூக்கத்தில் நடப்பது, தூக்கத்திலேயே வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகள் இருப்பதால் அந்த வகை மாத்திரைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. யிஃபானின் வேலையைக் கவனித்துப் பாருங்கள். செய்தி நடந்தால் நேரம் காலம் பார்க்காமல் ஓடுகிறாள், கிடைத்தபோது தூங்குகிறாள். கடந்த காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏற்கெனவே நடக்கும் இயல்புள்ள ஒருவருக்கு அது மறுபடி வர இந்த வேலைமுறை ஒன்றே போதும். கதை இதைப் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. ஒரு மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. அவளுக்கு நேர்ந்த கொடுமைதான் அவளைத் தூக்கத்தில் நடக்க வைக்கிறது என்று தொடர் நேராகவே முடிச்சுப் போடுகிறது. மன அழுத்தம் கூடும்போது தூக்கத்தில் நடப்பதும் கூடுவதை நாங்கள் பார்க்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அதிகம் வருபவை தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும்தான். அந்தக் கனவுகள் பெரும்பாலும் விடியலை ஒட்டிய பகுதியில் வரும், விழித்த பிறகும் துல்லியமாக நினைவிருக்கும். தூக்கத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரான வகை. கொடுமைக்கும் இதற்கும் நேரடிக் காரணத் தொடர்பு உண்டா, அல்லது கொடுமை தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் இதைக் கிளப்புகிறதா என்பது துறையில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

அவனைத் தேடிப் போய் அணைத்துக்கொள்வது? பழகிய வீட்டில் பழகிய திசைக்குப் போவது நடக்கும், ஆளைத் தொடுவதும் நடக்கும். அதை மனசுக்குள் ஒளிந்திருந்த ஆசை வெளியே வருவதாக எடுத்துக்கொள்ள ஆதாரம் கிடையாது. இந்த இடத்தில் தொடர் எனக்குச் சங்கடம் தந்தது. தூக்கத்தில் நடப்பவர் சம்மதம் தரும் நிலையில் இல்லை. அவர் பக்கத்தில் வந்து படுத்தாலும், கட்டிக்கொண்டாலும், செய்ய வேண்டியது ஒன்றுதான்: மெதுவாக அவருடைய படுக்கைக்கே கொண்டுபோய் விடுவது, காலையில் நடந்ததை நடந்தபடி சொல்வது. திரையில் இனிப்பாகத் தெரிகிற அந்த இரவுகளை நிஜத்தில் யாரும் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருமுறை தன் உடல் மீது தன் உரிமை பறிக்கப்பட்ட பெண்ணுக்கு, தான் அறியாத நேரத்தில் என்ன நடந்தது என்ற சந்தேகமே பெரும் வேதனையாகிவிடும்.

தூக்கத்தை விட்டு அவள் பகலில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்தால், தொடரின் பலம் அங்கேதான் இருக்கிறது. அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. உதவி வாங்கினால் உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறாள். யார் கோபப்பட்டாலும் மன்னிப்பு இவளிடமிருந்துதான் வருகிறது. நெருங்கி வருபவரிடம் விளக்கம் சொல்வதைவிட ஊரை விட்டுப் போவது அவளுக்குச் சுலபமாக இருக்கிறது. பார்ப்பவர்கள் இதை அமைதியான சுபாவம் என்பார்கள். 1980-ல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் முதன்முறையாக இடம்பெற்ற பி.டி.எஸ்.டி. என்ற, பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு இன்று நாங்கள் பார்க்கும் முக்கிய அடையாளங்களில், நினைவூட்டும் எல்லாவற்றையும் ஒதுக்கி ஓடுவதும், தன்மேல்தான் தப்பு என்று நம்புவதும், யாரோடும் ஒட்டாத உணர்வும் அடங்கும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயரே சொல்வோம். யிஃபானுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்டால், பல அடையாளங்கள் இருக்கின்றன என்பேன். ஆனால் வேலைக்குப் போகிறாள், தோழிகள் இருக்கிறார்கள், சிரிக்கிறாள். வெளியே இப்படி நன்றாக ஓடிக்கொண்டே உள்ளுக்குள் முடங்கியிருக்கும் பிள்ளைகளை யாரும் டாக்டரிடம் அழைத்து வருவதில்லை. நல்ல மார்க் எடுக்கும் மாணவியைப் பற்றி யாருக்கும் கவலை வராது.

சாங் யானை விட்டு அவள் விலகியதைப் பலர் கோபமாக எழுதியிருக்கிறார்கள்: “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” சொல்லியிருக்க முடியாது என்பதுதான் என் அனுபவம். பதினெட்டு வயதில், சொந்த அம்மாவே பக்கம் நிற்காதபோது, வேறு யார் நம்புவார்கள் என்று அவள் நினைக்க முடியும்? சீனாவில் பல்கலைக்கழகத் தேர்வு முடிந்து, எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும் அந்தச் சில நாட்கள்தான் ஒரு பிள்ளை தன் வாழ்க்கையின் திசையைத் தானே மாற்றக் கிடைக்கும் முதல் வாய்ப்பு. அவள் அந்த வாய்ப்பைத் தப்பித்துப் போகப் பயன்படுத்திக்கொண்டாள். காதலனை ஏமாற்றியதாக அதைப் பார்ப்பது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இந்தத் தொடரில் எனக்கு முக்கியமாகப் படும் பாத்திரம் அவளுடைய அம்மாதான். அவர் கொடுமைக்காரி இல்லை. புதுக் குடும்பத்தில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார், மகளைப் பொறுத்துப்போகச் சொல்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். நடந்த சம்பவம் ஒரு காயம், அதற்குப் பிறகு வீட்டார் நடந்துகொண்ட விதம் இன்னொரு காயம், ஆறாமல் நிற்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். இதை நான் சொந்த அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு யாருக்குப் பி.டி.எஸ்.டி. வரும், யாருக்கு வராது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2000-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், சம்பவத்துக்குப் பின் ஆதரவு கிடைக்காமல் போவது மிக வலுவான காரணங்களில் ஒன்றாக வந்தது. பிறகு வந்த ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின. அவளை நம்பி, “உன் தப்பு இல்லை, நான் இருக்கிறேன்” என்று அன்றே ஒருவர் நின்றிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். நின்றிருக்க வேண்டியவர் அம்மா.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். சாங் யான் செய்ததில் அவளைத் தேற்றியது எது? அவன் அழகும் பொறுமையும் என்று நினைப்போம். நான் பார்த்தவரை, அவன் தோண்டவில்லை என்பதுதான் முதல் விஷயம். என்ன நடந்தது என்று அவளைக் குடைந்தெடுக்கவில்லை. அவள் வாயைத் திறந்தபோது கேட்டான், கேட்டதை நம்பினான், கேட்ட பிறகு அவளைப் பார்க்கும் பார்வை மாறவில்லை. அவளோடு வாயாடுகிறான், சாப்பாட்டுக்குச் சண்டை போடுகிறான், அதாவது உடைந்த பொருளைப் போல அவளைக் கையாளவில்லை. இவை யாராலும் செய்ய முடிந்தவை. காதலர்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு தோழி, ஒரு அத்தை, ஒரு ஆசிரியை செய்தாலும் பலன் கிடைக்கும். ஆதரவு என்று ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான்.

அவன் செய்த வேறு சில காரியங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவள் படித்த ஊருக்கு அவளுக்குத் தெரியாமலே பல முறை போய், தள்ளி நின்று பார்த்துவிட்டு வருகிறான். தொடரில் அது உருக்கமான ரகசியம். ஒருவனால் தொந்தரவு செய்யப்பட்ட பெண்ணுக்கு, இன்னொருவர் வருடக்கணக்கில் தன்னை மறைந்து கவனித்திருக்கிறார் என்று தெரியவந்தால் நெஞ்சு நடுங்கிப்போவதற்கும் இடமுண்டு. இதைப் பார்க்கும் பையன்களுக்குச் சொல்கிறேன்: விலகிப் போனவர் பின்னால் போகாதீர்கள். ஒரு செய்தி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அன்பு சிகிச்சையாகுமா என்றால், ஆறுவதற்கான சூழலை அது தரும், ஆற்றும் வேலையை முழுவதும் அதனிடம் ஒப்படைக்க முடியாது. கணிசமானவர்கள் நல்ல ஆதரவோடு, காலப்போக்கில், சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். வருடக்கணக்கில் தேறாமல் இருப்பவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சைகள் நன்றாகப் பலன் தருகின்றன. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவரோடு, படிப்படியாக எதிர்கொள்ளும் முறை அது. பெரும்பாலும் 8 முதல் 16 அமர்வுகள் ஆகும். கெட்ட கனவுகளுக்கெனத் தனிப் பயிற்சி இருக்கிறது. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உண்டு. இந்த வேலையைக் காதலர் தலையில் வைத்தால் இரண்டு பேரும் களைத்துப்போவார்கள். அவர் சோர்ந்த நாளில் இவர் குற்ற உணர்ச்சியில் மூழ்குவார், “நான் சுமையாகிவிட்டேன்” என்ற பழைய நம்பிக்கை திரும்பி வரும். 2020-ல் வந்த ‘கோ அஹெட்’ தொடரில் லிங் ஷியாவ் என்ற இளைஞன் அன்பான குடும்பத்தின் நடுவே இருந்தும் தூக்க மாத்திரைகளோடு போராடுவதைக் காட்டியிருப்பார்கள். அந்த அளவில் அது கூடுதல் நேர்மையான சித்திரம் என்பேன்.

கதையில் அவள் கல்லூரியில் தனியாக இருந்த வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உதவி கிடைத்திருக்கக்கூடிய காலம் அதுதான். சீனப் பல்கலைக்கழக விடுதியில் பொதுவாக நான்கு முதல் ஆறு பேர் ஓர் அறையில். பல இடங்களில் கீழே மேசை, மேலே கட்டில், ஏறி இறங்க ஏணி. தூக்கத்தில் நடப்பவருக்கு இதைவிட ஆபத்தான கட்டில் வேண்டாம். அங்கே மனநலச் சட்டம் 2013 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆலோசனை மையங்கள் உண்டு, புதிதாகச் சேர்பவர்களிடம் மனநலக் கேள்வித்தாள் கொடுப்பது வழக்கம், மே 25-ஐக் கல்லூரி மாணவர் மனநல நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். 2020 செப்டம்பரில் மாணவர்களின் உடல்நலப் பரிசோதனையோடு மனச்சோர்வுப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும் என்று அரசுத் திட்டம் வந்தது. தொடர் வெளிவந்த 2025-ல் நாடு முழுவதற்கும் 12356 என்ற ஒரே உதவி எண்ணையும் கொண்டுவந்தார்கள். ஏற்பாடுகள் இத்தனை இருந்தும், கேள்வித்தாளில் உண்மையை எழுதினால் வகுப்புப் பொறுப்பாளர் வீட்டுக்குச் சொல்லிவிடுவார் என்ற பயம் மாணவர்களிடம் இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் பெற்றோரை அழைப்பது அங்கே நடைமுறைதான். யிஃபானைப் போன்ற ஒரு பெண்ணுக்கு வீடுதான் ஆபத்து நேர்ந்த இடம். அவள் அந்தத் தாளில் என்ன எழுதுவாள்? “நன்றாகத் தூங்குகிறேன்” என்றுதான். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆலோசகராக இருப்பவர்கள் இதை வாசித்தால், ரகசியம் எதுவரை காக்கப்படும், எப்போது உடைக்கப்படும் என்பதை முதல் சந்திப்பிலேயே மாணவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அறைத்தோழிக்கு: அவரைத் தரைமட்டக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். ஜன்னல், மாடிக்குப் போகும் கதவு பூட்டியிருக்கட்டும், வழியில் பெட்டி வாளி எதுவும் கிடக்க வேண்டாம். நடப்பவரை எழுப்பினால் உயிருக்கே ஆபத்து என்பது வெறும் நம்பிக்கை, ஒன்றும் ஆகாது. ஆனால் உலுக்கினால் திகைத்துப்போய்க் கை ஓங்கக்கூடும். மெல்லப் பேசி, திசை திருப்பிப் படுக்க வையுங்கள். நேரத்துக்குத் தூங்குவது பலருக்குப் பாதி பிரச்சினையைக் குறைத்துவிடும். சிறுவயதில் இல்லாமல் இப்போது புதிதாகத் தொடங்கியிருந்தால், ஒரே இரவில் பல முறை ஒரே மாதிரி அசைவு வந்தால், காயம் பட்டிருந்தால், டாக்டரிடம் போயே ஆக வேண்டும். இரவில் மட்டும் வரும் வலிப்பு சில சமயம் இதைப் போலவே தெரியும். அவர் சம்மதித்தால் போனில் ஒரு வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள், எங்களுக்கு அது பெரிய உதவி. தூக்கத்தில் நடக்கிறார் என்பதாலேயே அவருக்குப் பின்னால் ஏதோ கொடுமை நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்து விசாரிக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படி எதுவும் இருக்காது.

உங்களுக்கு: கடைசி வரியை நீங்கள் யாருக்காகக் கேட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்காக என்றால், ஒரு சாங் யான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம். நேரில் போவதாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாளே நடந்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எந்த நல்ல மருத்துவரும் எதிர்பார்க்க மாட்டார். “சில விஷயம் நடந்திருக்கிறது, இப்போது விவரம் சொல்ல முடியாது, தூக்கம் வரவில்லை” என்று சொன்னால் போதும், அங்கிருந்தே தொடங்கலாம். யாராவது அவசரப்படுத்தினாலோ, நம்பாத மாதிரிப் பேசினாலோ, அவரிடம் திரும்பப் போக வேண்டாம், வேறொருவரைப் பாருங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தனிச் செய்தியில் சொன்னால், அங்கே எந்த மாதிரி இடத்தில் விசாரிக்கலாம் என்று சொல்கிறேன்.